அப்பா பெயருக்கு வந்த சிப்காட் அறிவிக்கை: நாங்கள் என்ன செய்யலாம்?

வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய ஊரையும் சுற்றியுள்ள சில ஊர்களையும் சேர்த்துப் புதிய சிப்காட் தொழிற்பூங்கா அமைக்க அரசு முடிவு செய்திருக்கிறது. குடும்பத்துக்கு 4 ஏக்கர் 20 சென்ட் நிலம் இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கர் ஏரிப் பாசன நன்செய், மீதி கிணற்றுப் பாசனப் புன்செய். பட்டா இன்னும் 2011இல் உயில் எழுதாமல் காலமான தந்தையின் பெயரிலேயே இருக்கிறது. தாயார் உயிரோடு இருக்கிறார், அண்ணன்கள் இருவர், 1996இல் திருமணமான இவர் மூன்றாவது. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 3(2) பிரிவின்படி ஓர் அறிவிக்கை சென்ற மாதம் தந்தையின் பெயருக்கே வந்திருக்கிறது. இறந்தவர் பெயருக்கு வந்தது செல்லாது, பேசாமல் இருந்தால் போதும் என்கிறார் பெரிய அண்ணன். ஊரில் முக்கால்வாசிப் பேர் மறுத்துவிட்டதாலும் கிராம சபையில் தீர்மானம் போட்டதாலும் நிலத்தை எடுக்க முடியாது என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். சின்ன அண்ணனோ, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். இதற்கிடையில் தரகர் ஒருவர் ஏக்கருக்கு 28 லட்சம் தருவதாகச் சொல்லி, 2 லட்சம் முன்பணத்துக்குப் பொது அதிகார ஆவணம் கேட்கிறார். 18 ஆண்டுகளாக அந்த நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற முறையில், உழும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதைக் கடிதத்தின் கடைசியில், ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் இப்போது நான்கு விதமான பேச்சு நடக்கிறது. நான்கிலும் பாதி உண்மை இருப்பதால்தான் குழப்பம். வழக்கறிஞர் என்ற முறையில் நான் முதலில் சொல்ல வேண்டியது, நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான். இந்தச் சட்டத்தில் “வேண்டாம்” என்று சொல்வதற்கு ஒரு காலம் உண்டு, “இவ்வளவு வேண்டும்” என்று சொல்வதற்கு வேறொரு காலம் உண்டு. முதல் காலத்தைச் சும்மா இருந்து கழித்தவர்கள் இரண்டாம் காலத்தில் முதல் வாதத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நீங்கள் இன்னும் முதல் காலத்தில்தான் இருக்கிறீர்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் பிரிவுகளின் எண்வரிசை சற்றே குழப்பும்: 3(2) அறிவிக்கை முதலில் வரும், 3(1) அறிவிக்கை பிறகு வரும். உங்கள் நிலத்தை ஏன் எடுக்கக்கூடாது என்று காரணம் கேட்பது 3(2). உரிமையாளரும் நிலத்தில் நலன் உள்ள மற்றவர்களும் சொல்வதைக் கேட்டபின், எடுப்பதென்று அரசு முடிவு செய்தால் அரசிதழில் வெளியாவது 3(1). அது வெளியான நாளிலேயே, நான்காம் பிரிவின்படி, நிலம் எந்த வில்லங்கமும் இன்றி முழுமையாக அரசைச் சேர்ந்துவிடுகிறது. பணம் கைக்கு வந்ததா, நீங்கள் இன்னும் அங்கே நாற்று நட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அந்த மாற்றத்தைத் தடுப்பதில்லை. அதன்பின் பேச்சு பெரும்பாலும் தொகையைப் பற்றியதாகவே இருக்கும்.

இறந்தவர் பெயருக்கு வந்த அறிவிக்கை

பெரிய அண்ணனின் யோசனையை உடனே கைவிடச் சொல்லுங்கள். வருவாய்த் துறை பட்டாவையும், நில விவரங்களைக் கொண்ட கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் பார்த்துத்தான் அறிவிக்கை அனுப்பும். பட்டாவைப் பெயர் மாற்றிக்கொள்ளாதது வாரிசுகளின் பொறுப்பு என்ற கேள்வியை நீதிமன்றம் முதலிலேயே கேட்கும். அறிவிக்கை உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் அதைப் படித்து, எனக்குக் கடிதமும் எழுதிய பின், தெரியாது என்ற வாதத்துக்கு அதிக உயிர் இருக்காது. அப்படியே அந்தக் குறையைக் காட்டி வென்றாலும், சரியான பெயரில் புதிய அறிவிக்கை வருவதோடு கதை மறுபடி தொடங்கும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திரம் அல்லது பாகப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, வாரிசுகள் நால்வர் பெயரிலும் ஒரு மனுவைத் தனி வட்டாட்சியரிடம், அதாவது நில எடுப்பு அலுவலகத்தில், கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அதே நேரத்தில் பட்டா மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள்.

இங்கே உங்கள் பங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் நீங்கள் அதைக் கேட்கவில்லை, கேட்கத் தயங்கியது போலத் தெரிகிறது. நிலம் தந்தை தாமே வாங்கியதென்றால், உயில் இல்லாததால் தாயார், அண்ணன்கள் இருவர், நீங்கள் என நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு. பூர்வீகச் சொத்தென்றால் கணக்கு சற்று மாறும். அப்போதும் உங்கள் பங்கு அண்ணன்களின் பங்கைவிடக் குறையாது. 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தத்தில்கூட, அது நடைமுறைக்கு வருமுன் மணமான பெண்களைத்தான் விலக்கியிருந்தார்கள்; நீங்கள் மணந்தது 1996இல். 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் வைக்கவில்லை. ஆகவே சின்ன அண்ணன் போடும் கையெழுத்து அவர் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்களுக்குள் தகராறு மூண்டால் இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் செலுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கக்கூடும் என்பதால், நால்வரும் இப்போதே பங்கு விகிதத்தை எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது.

“முக்கால்வாசிப் பேர் மறுத்தால் எடுக்க முடியாது” என்பது

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டத்தில், தனியார் நிறுவனங்களுக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரும், அரசு – தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 விழுக்காட்டினரும் சம்மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடும் அதில் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் நிலம் எடுக்கப்படுவது அந்தச் சட்டத்தின்படி அல்ல. தமிழ்நாடு அரசு 105-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஆதி திராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம் ஆகிய மூன்றையும் அதன் பிடியிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அம்மூன்றுக்கும் மீண்டும் உயிர் கொடுக்கும் சட்டத்தை இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்று தீர்ப்பளித்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதும் இதே 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான்.

இந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு மாவட்டத்தின் முகத்தையே மாற்றும் திட்டத்துக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்பது சட்டமாக இருக்கலாம், நல்ல திட்டமிடல் ஆகாது. ஆனால் என் கருத்தை நம்பி நீங்கள் வழக்கு நடத்த முடியாது. சம்மத விழுக்காடு என்ற வாதத்தை ஆட்சேபணை மனுவின் மையமாக வைக்காதீர்கள்.

கிராம சபைத் தீர்மானமும் இந்தச் சட்டத்தின்கீழ் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அது வீண் என்று நினைக்க வேண்டாம். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு பாசனப் பரப்பு, எந்த நீர்நிலை என்ற விவரங்களோடு எழுதப்பட்ட தீர்மானம் நல்ல ஆதாரம். “வன்மையாகக் கண்டிக்கிறது” என்று மட்டும் முடியும் தீர்மானத்துக்கு அந்தப் பயன் இல்லை. உங்கள் ஊர்த் தீர்மானத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அது இரண்டாவது வகை. அடுத்த கூட்டத்தில் விவரங்களைச் சேர்த்து மறுபடி நிறைவேற்றச் சொல்லுங்கள்.

எப்படி ஆட்சேபிப்பது

ஒரு தொழிற்பூங்காவுக்கான இடம் எப்படித் தேர்வாகிறது என்று தெரிந்தால்தான் எங்கே கேள்வி கேட்கலாம் என்று தெரியும். சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தொழில் வளாகம் ராணிப்பேட்டையில் உருவானது. அது தானாக ஆலை நடத்தும் நிறுவனம் அல்ல. நிலத்தைத் திரட்டி, சாலை, தண்ணீர், மின்சாரம், வடிகால் அமைத்து, மனைகளாகப் பிரித்து நிறுவனங்களுக்குப் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது அதன் வேலை. இடம் பார்க்கும்போது தேசிய நெடுஞ்சாலைக்கோ துறைமுகச் சாலைக்கோ பக்கமா, தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கான ஏக்கர் கிடைக்குமா, நடுவில் புறம்போக்கு எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து என்பவைதான் முதலில் கவனிக்கப்படும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று சென்னையை ஒட்டி நிரம்பிய பின், செய்யாறு போன்ற இடங்களுக்குப் பார்வை நகர்ந்தது இந்தக் கணக்கில்தான். தொடர்ச்சியான நிலம் வேண்டும் என்பதால், வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கும்போது தரிசும் முப்போக நன்செயும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடுகின்றன.

ஆகவே உங்கள் ஆட்சேபணை “எங்கள் வாழ்வாதாரம் போகிறது” என்ற ஒரு வரியோடு நின்றால், அந்தக் கோட்டை நகர்த்த யாருக்கும் காரணம் கிடைக்காது. புல எண், உட்பிரிவு வாரியாக எழுதுங்கள். கடந்த சில ஆண்டுகளின் அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகல்களை இணைத்து எந்தப் போகத்தில் என்ன பயிர் என்று காட்டுங்கள். ஏரியின் ஆயக்கட்டில், அதாவது அதனால் பாசனம் பெறும் நிலத்தில், எவ்வளவு பரப்பு கோட்டுக்குள் வருகிறது, வரத்துக் கால்வாய் எந்தப் புல எண்கள் வழியாக வருகிறது, அது அடைபட்டால் கோட்டுக்கு வெளியே உள்ள எந்த ஊர் ஏரி வறண்டுபோகும் என்று வரைபடத்தோடு சொல்லுங்கள். இந்தக் கடைசி விவரம்தான் பல இடங்களில் அதிகாரிகளை நிமிர்ந்து உட்கார வைக்கிறது, ஏனென்றால் திட்டத்துக்கு வெளியே உள்ளவர்களும் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள் என்பது அவர்களுக்குப் புரியும். 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களின் எல்லைக்குள் நீர்நிலைகளும் வாய்க்கால்களும் வந்தாலும் அவற்றைச் சேர்த்துத் திட்டமிட வழிசெய்கிறது. உங்கள் ஏரியை அதன் கீழ் கொண்டுவரும் எண்ணம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது மாற்று இடம். உங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் ஏற்கெனவே உள்ள சிப்காட் பூங்காக்களில் எடுக்கப்பட்ட மொத்தப் பரப்பு எவ்வளவு, ஒதுக்கப்பட்டது எவ்வளவு, ஒதுக்கியும் ஆலை தொடங்காமல் கிடப்பது எவ்வளவு என்று 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் சிப்காட்டிடம் இன்றே விண்ணப்பியுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், பதில் வருவதற்குள் ஆட்சேபணைக் கெடு முடிந்துவிடக்கூடும். விண்ணப்பத்தின் நகலையே மனுவோடு இணைத்து, பதில் வந்ததும் கூடுதல் மனு தருவேன் என்று எழுதிவிடுங்கள். புதிய பூங்காவுக்கு நிர்வாக அனுமதி அளித்த அரசாணையின் நகலையும் கேளுங்கள்; மொத்தப் பரப்பு, அதில் பட்டா நிலம் எவ்வளவு, புறம்போக்கு எவ்வளவு என்பவை அதில் இருக்கும்.

கேட்டால் கிடைக்குமா என்று நீங்கள் நினைக்கலாம். கோவை மாவட்டம் அன்னூர், மேட்டுப்பாளையம் பகுதிகளில் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ திட்டமிட்ட தொழிற்பூங்காவுக்கு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தபின், 2022 டிசம்பரில், தனியார் நிறுவனம் ஒன்றின் வசமிருந்த சுமார் 1,600 ஏக்கரை மட்டும் எடுப்பதாகவும், விவசாயிகள் தாமே விரும்பித் தந்தாலொழிய அவர்கள் நிலத்தை எடுப்பதில்லை என்றும் அரசு அறிவித்தது. அங்கே மாற்று நிலம் கண்ணுக்கு நேரே இருந்தது என்பதை மறக்கக்கூடாது. எல்லா ஊருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை.

போராட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமைதியாகக் கூடுவதும் மனுக் கொடுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் நிலம் அளக்க வருபவர்களைத் தடுப்பது குற்ற வழக்கில் முடியலாம். திருவண்ணாமலை மாவட்டம் மேல்மா பகுதியில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்தவர்களில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்ததும், கடும் கண்டனத்துக்குப் பின் அவர்களில் ஆறு பேர் மீதான ஆணையை அரசு திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைப் போலப் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் ஒரு முதல் தகவல் அறிக்கையின் விலை என்ன என்பதை யோசித்து முடிவெடுக்க வேண்டும். யோசிக்கச் சொல்வதுதான் என் வேலை. போகாதீர்கள் என்று சொல்வதல்ல.

விசாரணையை மாவட்ட நிர்வாகம் நடத்தினாலும், எடுப்பது என்ற முடிவு அரசினுடையது. ஆட்சியரைச் சந்தித்து “நிறுத்தி வையுங்கள்” என்று கேட்டுவிட்டு வந்தால் போதும் என்ற எண்ணம் வேண்டாம். மனுவின் நகல்களைத் தொழில் துறைச் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுப்பிய ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்காமல், எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அச்சடித்து நிராகரித்துவிட்டு 3(1) வெளியிட்டால், உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்படி நீதிப் பேராணை கேட்க அது வலுவான காரணம். அந்தக் காரணம் உருவாக, முதலில் நீங்கள் குறிப்பாக எதையாவது எழுப்பியிருக்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்

சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு முறையும் மறுவாழ்வு அட்டவணைகளும் உங்களுக்குப் பொருந்தும். அரசு வழிகாட்டி மதிப்பு ஒருபுறம். அக்கம்பக்கத்தில் அதே வகை நிலத்துக்கு முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயங்களில், அதிக விலையுள்ள பாதியின் சராசரி மறுபுறம். இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்து, ஊரகப் பகுதியில் 1 முதல் 2 வரையுள்ள ஒரு காரணியால் பெருக்கி, கிணறு, மரம், மோட்டார் அறை ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமான இன்னொரு தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, சராசரிக் கிரயம் ஏக்கருக்கு 9 லட்சம், காரணி 1.25 என்று வைத்துக்கொண்டால் 11.25 லட்சம் ஆகும். ஆறுதல் தொகையோடு 22.5 லட்சம். கிணறும் மரங்களும் இதில் சேரவில்லை.

இங்கேதான் நம் ஊர்களின் பழைய வழக்கம் நம்மையே கடிக்கிறது. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தப் பத்து லட்சத்துக்கு வாங்கிய நிலத்தை மூன்று லட்சம் என்று பதிவு செய்துவைத்தோம். இப்போது அந்த மூன்று லட்சம்தான் சான்றாக வந்து நிற்கிறது. ஆனாலும் உங்கள் கிராமத்திலும் ஒட்டிய கிராமங்களிலும் நேர்மையான விலைக்குப் பதிவான பத்திரங்கள் சில கட்டாயம் இருக்கும், குறிப்பாக வங்கிக் கடன் வாங்கி வாங்கியவர்களுடையவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு அவற்றைத் தேடி எடுத்து, சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். ஊர் முழுவதும் சேர்ந்து ஒரே தொகுப்பாகச் செய்தால் செலவும் குறையும், பயனும் கூடும்.

தொகையை முடிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் எழுதினால் பணம் விரைவில் வரும். பிறகு கூடுதல் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஒப்பாவிட்டால் ஆட்சியர் தொகையை நிர்ணயிப்பார். அது குறைவென்று கருதினால், சட்டம் குறித்த கெடுவுக்குள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அப்படியானால் “உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் பெறுகிறேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தொகையைப் பெறுங்கள். ஒப்பந்தப் படிவத்தை விசாரணை நாளிலேயே நீட்டினால், வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வருமான வரியைப் பற்றி ஒரு வரி: நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் ஊரக விவசாய நிலம் மூலதனச் சொத்தாகவே கருதப்படுவதில்லை, உங்கள் ஊர் அந்த வகையில் வரும் என்றே தெரிகிறது. அடங்கலில் பயிர் விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுகளில் ஆலை வராவிட்டால் நிலம் திரும்பிவரும் என்றும் ஊரில் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவைக் கேட்டுவிட்டுச் சொல்வது. உங்களுக்குப் பொருந்துவது இழப்பீடும் மறுவாழ்வும் பற்றிய பகுதிகள்தாம், அந்தப் பிரிவு அல்ல. அந்தப் பிரிவிலும் உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்பும் என்றுதான் இருக்கிறது.

தரகருக்கு அதிகார ஆவணம்

கொடுக்காதீர்கள். ஏக்கருக்கு 28 லட்சம் என்பது பேச்சு. கையில் வருவது 2 லட்சம் முன்பணம். பொது அதிகார ஆவணம் பதிவான பின், இழப்பீட்டுப் பேச்சில் உட்காருவதும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும், தொகையை வாங்குவதும் அவர் கையில் போய்விடும். ஆட்சியர் நிர்ணயிக்கும் தொகை அதிகமானால் மிச்சம் அவருக்கு, திட்டம் கைவிடப்பட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். 3(1) வெளியான பின் விற்பதற்கு உங்களிடம் நிலமே இருக்காது. உண்மையாகவே விற்க விரும்பினால், முழுத் தொகையும் வங்கி வழியாக வந்த பின், வாரிசுகள் நால்வரும் கையொப்பமிட்டு நேரடிக் கிரயப் பத்திரம் எழுதுவது மட்டுமே பாதுகாப்பு. அந்த நிபந்தனையைச் சொல்லிப் பாருங்கள். தரகர் எவ்வளவு தீவிரமாக இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு வேலை

சின்ன அண்ணனின் நம்பிக்கையைக் குலைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் படித்துப் பார்க்க வேண்டிய வாசகம் ஒன்று இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் மறுவாழ்வுக்கான இரண்டாம் அட்டவணை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மூன்று தெரிவுகளைச் சொல்கிறது: திட்டத்தில் வேலைகள் உருவானால், பயிற்சி தந்து ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 ஆண்டுகளுக்கு. வேலை என்றால் அரசு வேலை அல்ல, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத வேலை. அதைத் தர வேண்டிய ஆலை இன்னும் வரவில்லை. வரும்போது அது சிப்காட்டின் குத்தகைதாரராக வரும். உள்ளூர்க்காரர்களுக்கு 75 விழுக்காடு என்று தனியார் துறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அரியானா அப்படியொரு சட்டம் இயற்றி, 2023 நவம்பரில் பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றத்தில் அது ரத்தாயிற்று.

இதனால் வேலையே வராது என்று பொருளில்லை. செய்யாறு சிப்காட்டின் காலணி ஆலைகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலை பார்க்கிறார்கள். அந்த வேலை பல வீடுகளில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் நிலம் இழந்த ஐம்பது வயது உழவருக்கு அந்த வேலை கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் இப்போது யார் வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார், என்ன படித்திருக்கிறார் என்று பார்த்து, ஆலை உறுதியாகும்வரை 5 லட்சத்தையோ மாதத் தொகையையோ தெரிவு செய்வதே சரியாகப் படுகிறது. வாய்மொழி வாக்குறுதி எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாரத்துக்கு உழும் குடும்பம்

நீங்கள் ஓரத்தில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லுக்கு நிலத்தின் உரிமையாளர் மட்டுமே பொருள் அல்ல. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரரும் வாரதாரரும் விவசாயத் தொழிலாளியும் அதில் அடங்குவர். மேலே சொன்ன மூன்று தெரிவுகளுக்கு அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், யாராவது சொன்னாலொழிய கணக்கெடுப்பில் அவர்கள் இல்லாதவர்கள்.

அவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் இழப்பீட்டில் பங்கு கேட்பார்களோ என்று அண்ணன்கள் தயங்குவதாகச் சொல்கிறீர்கள். நேர்மையாகப் பதில் சொல்கிறேன்: 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்ட குத்தகைதாரர் நலன் உள்ளவர் என்ற முறையில் இழப்பீட்டிலும் கேட்க இடமுண்டு. இவர்கள் அப்படிப் பதிவு செய்யவில்லை. மறுவாழ்வுத் தொகையோ உங்கள் தொகையிலிருந்து கழிக்கப்படுவதல்ல, அது தனி. இத்தனை ஆண்டுகளாக அவர்கள் உழுகிறார்கள் என்று ஒரு உறுதிமொழியை நீங்கள் எழுதிக் கொடுத்து, குடும்ப அட்டை, உரம் வாங்கிய ரசீது, கூட்டுறவுச் சங்கப் பதிவு என்று கிடைப்பதைச் சேர்த்து, அவர்களையே மனுக் கொடுக்கச் செய்யுங்கள். உங்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

பொது விசாரணையை விட்டுவிடாதீர்கள்

நில எடுப்போடு முடிந்துவிடுவதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தொழிற்பேட்டைகளும் ஓர் இனம். பூங்காவுக்கு அந்த அனுமதி தேவைப்படும்போது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு பொது விசாரணை நடத்த வேண்டும்; வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பூங்கா முழுவதற்கும் ஒருமுறை விசாரணை நடத்தி அனுமதி பெற்றுவிட்டால், பிறகு உள்ளே வரும் தனித்தனி ஆலைகளுக்கு மறுபடி பொது விசாரணை நடத்தத் தேவையில்லை. எந்த ஆலை வரும் என்று தெரிந்த பின் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், பேசும் நாள் கடந்திருக்கும். எந்த வகை ஆலைகள் அனுமதிக்கப்படும், தோலும் சாயமும் இரசாயனமும் உண்டா, கழிவுநீர் எங்கே போகும், நிலத்தடி நீர் எடுக்கப்படுமா என்பவற்றை அந்த ஒரே நாளில் கேட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். ராணிப்பேட்டையில் எப்போதோ மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவுக் குவியல் இன்னும் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து முப்பது நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் வரை தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள அதற்கு அதிகாரம் உண்டு. நிலத்தை இழந்தபின் அதே ஊரில் வீட்டோடு இருக்கப்போகிறவர் என்ற முறையில் இந்த விசாரணை உங்களுக்கு நில எடுப்பு விசாரணையைவிடக் குறைந்ததல்ல.

உங்கள் அறிவிக்கையில் விசாரணைக்குக் குறித்திருக்கும் நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. வாரிசுச் சான்று கைக்கு வராவிட்டால், விண்ணப்பித்த ரசீதை இணைத்தே மனுவைக் கொடுத்துவிடுங்கள். தாயாரை அலைக்கழிக்க வேண்டாம். அவர் கையொப்பமிட்ட மனுவும், விசாரணைக்கு மட்டும் உங்களுக்கு அளிக்கும் அதிகாரக் கடிதமும் போதும். விசாரணையில் நீங்கள் சொன்னதை அலுவலர் எழுதிக்கொண்டு கையொப்பம் கேட்பார். அதில் “சம்மதம்” என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையொப்பமிட்டு, நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால், அன்றைய தேதியிலேயே நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் அதே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.